குயவனும் குடமும்: படைப்புக் கடவுட் கொள்கையின் வரலாறு

நீல நதியின் மேற்கரையில், தீப்ஸ் நகருக்கு எதிரே, தேர் எல் பஹரி என்னுமிடத்தில் ஹட்செப்சுட் என்ற எகிப்திய அரசி எடுப்பித்த கோயில் ஒன்று உளது. கி. மு. 15 ஆம் நூற்றாண்டைச் சார்ந்த அக்கோயிற் சுவரிலே, செம்மறிக் கடாவின் தலையுடைய தெய்வம் ஒன்று குயவன் திகிரியின் முன்னமர்ந்து இரு சிறு மனித உருவங்களை வனைகின்ற காட்சி செதுக்கப்பட்டுள்ளது. அவ்வுருவங்களுள் ஒன்று அரசி. மற்றையது அவளுடன் பிறக்கும் உயிர்ச்சத்தி. எதிரிலே ஹெக்கெட் என்னும் தவளைத்தலைப் பெண்தெய்வம் மண்டியிட்டு உயிர்க்குறியை நீட்டுகின்றது. வனையும் தெய்வத்தின் பெயர் க்னூம். நதியின் முதலாம் அருவிக்கு அணித்தான எலிபந்தைன் தீவு அதற்குரிய பதி. ஆண்டுதோறும் வெள்ளம் கொணர்ந்து குவிக்கும் கரிய வண்டலிலேயே உழவும் வீடும் கலமும் கண்ட ஒரு மக்கட் கூட்டம், தன்னைப் படைத்தவனையும் குயவனாகக் கண்டதில் வியப்பில்லை.

எனினும், வண்டல் மண்ணே காணாத நாடுகளிலும் படைப்போனை விளக்குதற்குக் குயவனே உவமையாயினன். எபிரேயத் தீர்க்கதரிசிகள், கிரேக்க மெய்யறிஞர், அரபு நாட்டு நபிகள் நாயகம் வாயிலாகக் கிடைத்த திருமறை, பாரதத்தின் நியாய நூலார், தமிழ்நாட்டுச் சைவ சித்தாந்திகள் ஆகிய அனைவரிடத்தும் அவ்வுவமையோ அதன் இனமான தொழிலாளி உவமையோ காணப்படுகின்றது. அதனை மறுத்தோரும் குயவனை விட்டு அகன்றாரல்லர். மறுப்பும் அவனைச் சுட்டியே எழுந்தது. குடம் வனைபவனுக்கு மண் வேண்டும். உலகை வனைந்தவனுக்கு மண் யாண்டிருந்து வந்தது? குயவன் குடத்தை விற்று வயிறு வளர்க்கின்றான். யாதும் குறைவிலாத கடவுள் எதன் பொருட்டு வனைந்தார்? குடம் கோணலாயின் பழி கைக்கா, மண்ணுக்கா? இவ்வினாக்களுக்கு விடை கூறப் புகுந்தவிடத்தேதான் சமயங்கள் ஒன்றினின்று ஒன்று பிரிந்தன. கடவுள் உண்டு, இல்லை என்ற பொதுப்பட்ட வழக்கினும் இவ்வழக்கு நுண்ணியது.

எகிப்திலேயே இதற்கு மாறான கொள்கை ஒன்றும் வழங்கிற்று. மெம்பிஸ் நகர்த் தெய்வமாகிய ப்தா, நெஞ்சினால் நினைந்து நாவினால் மொழிந்து உலகை ஆக்கினான் என்பது அந்நகர்க் குருமார் கோட்பாடு. கி. மு. 700 அளவில் ஷபாகா என்னும் மன்னன் அதனைக் கருங்கல்லிற் பொறிப்பித்தான். பிற்காலத்தில் அக்கல் வேறு பணிக்குப் பயன்பட்டமையின் நடுவேயுள்ள எழுத்துக்கள் தேய்ந்தழிந்தன. எஞ்சிய பகுதி பிரித்தானிய நூதனசாலையில் உளது. கையினாற் படைத்தல், சொல்லினாற் படைத்தல் என்னும் இரு வழிகளும் ஒரே நாட்டில் ஒருங்கு நின்றமைக்கு இஃது சான்றாகும்.

பாபிலோனியர் கதை போரிற் பிறந்தது. எனூமா எலிஷ் எனப்படும் ஏழு களிமண் ஏடுகள் நினிவே நகரில் அசுர்பானிபால் மன்னனது நூலகச் சிதைவுகளிற் கிடைத்தன. 1876 இல் ஜார்ஜ் ஸ்மித் அவற்றின் பொருளை வெளியிட்டபோது ஐரோப்பியக் கற்றோர் திகைத்தனர். மர்துக் என்னும் தெய்வம் ஆதிக் கடலாகிய தியாமத்தைக் கொன்று, அவளது உடலைப் பிளந்து, ஒரு பாதியால் வானத்தையும் மறுபாதியாற் பூமியையும் ஆக்கினான் என அந்நூல் கூறும். அத்ரஹாசிஸ் என்னும் வேறொரு பழங்கதையிலோ, கால்வாய் வெட்டிக் களைத்த சிறு தெய்வங்கள் வேலைநிறுத்தஞ் செய்ய, அவர்தம் சுமையைச் சுமத்தற்பொருட்டுக் கொலையுண்ட தெய்வம் ஒன்றன் குருதியைக் களிமண்ணிற் குழைத்து மனிதர் ஆக்கப்பட்டனர். படைப்பின் நோக்கம் யாது என்ற வினாவுக்கு இத்துணை ஒளிவுமறைவற்ற விடை வேறெச் சமயத்திலும் இல்லை எனலாம். கூலியாள் வேண்டியிருந்தது, ஆதலின் மனிதன் படைக்கப்பட்டான்.

எபிரேயர் பாபிலோனியரை அறிவர். அவர்களாற் சிறைகொண்டு செல்லப்பட்டவர். ஆயினும் அவர் வேதத்தின் முதல் அதிகாரத்தில் போரும் இல்லை, கூலியாளும் இல்லை. இறைவன் சொல்கின்றார், உளதாகின்றது. இரண்டாம் அதிகாரத்திலோ அவ்விறைவனே மண்ணைக் கையிலெடுத்து மனிதனை உருவாக்கி அவன் நாசியில் உயிர்மூச்சை ஊதுகின்றார். அங்கே ஆளப்பட்ட எபிரேய வினைச்சொல்லினின்றே அம்மொழியிற் குயவனுக்குரிய பெயரும் பிறந்தது. எனவே அவ்வாசிரியர் உள்ளத்திற் சூளையும் திகிரியும் இருந்தன எனல் பொருந்தும். முதல் அதிகாரத்து வினைச்சொல்லோ வேறு. அது விவிலியத்தில் இறைவனை எழுவாயாகக் கொண்டன்றி வருவதில்லை.

எரேமியா என்னும் தீர்க்கதரிசி குயவன் மனைக்குச் சென்ற செய்தி அவர் பெயரால் வழங்கும் நூலின் 18 ஆம் அதிகாரத்தில் உளது. வனைந்த கலம் கையிற் கெட்டுப்போக, குயவன் அம்மண்ணையே பிசைந்து வேறு கலம் ஆக்கினன். இசுரவேல் மக்களும் இறைவன் கையில் அம்மண் போல்வர் என்பது தீர்க்கதரிசி கண்ட பொருள். குயவனைப் பார்த்து ‘என்ன செய்கின்றாய்’ என்று மண் கேட்டல் தகுமோ என ஏசாயா நூலும் வினவுகின்றது. இவ்விடத்திற் குயவன் உவமை உலகின் தோற்றத்தை விளக்குதற்கு வந்ததன்று. மனிதனது முறையீட்டை அடக்குதற்கு வந்தது. ஆனால் அடங்காதவர் ஒருவர் அவ்வேதத்துள்ளேயே உளர். யோபு என்பார், களிமண் போல வனைந்த என்னை மீண்டும் புழுதியாக்குவையோ என்று வனைந்தவரிடமே வழக்குரைக்கின்றார். அந்நூல் விலக்கப்படாமல் வேதத்துள் வைத்துப் போற்றப்பட்டமை அச்சமயத்தாரின் பெருமைகளுள் ஒன்றாகும்.

கி. மு. நான்காம் நூற்றாண்டில் பிளேட்டோ தமது திமாயுஸ் என்னும் நூலில் உலகை ஆக்கியோனைத் ‘தெமியுர்கொஸ்’ என்றார். ஊரவர்க்காகத் தொழில் செய்யும் கம்மியன் என்பதே அச்சொல்லின் வழக்குப் பொருள். அவன் நல்லவன்; பொறாமை இல்லாதவன்; ஆதலின் யாவும் தன்னைப் போல் நல்லனவாதலை விரும்பினான். ஆயினும் அவன் முன்னரே இருந்த ஒழுங்கற்ற பொருளை ஒழுங்கு செய்தவனேயன்றி அப்பொருளை உண்டாக்கியவன் அல்லன். அவருடைய மாணாக்கர் அரிஸ்டோட்டில், உலகுக்குத் தொடக்கமே இல்லை என்று கூறிக் கம்மியனுக்கு விடைகொடுத்தனுப்பினார்.

கிறித்துவ சமயம் கிரேக்க நாகரிகத்துட் புகுந்தபோது மண் பற்றிய வினா கூர்மையடைந்தது. இறைவன் இன்மையினின்று உலகைப் படைத்தார் என்ற கொள்கை விவிலியத்தின் முதல் வரியிலேயே ஐயத்துக்கிடமின்றி அமைந்துளது எனப் பலர் கருதுவர். வரலாறு அத்துணை எளிதன்று. கி. மு. இரண்டாம் நூற்றாண்டு நிகழ்ச்சிகளைக் கூறும் மக்கபேயர் இரண்டாம் நூலில், கொலைக்களத்தில் நிற்கும் இளைய மகனைத் தேற்றும் தாய், இருந்த பொருள்களைக் கொண்டு இறைவன் இவற்றை ஆக்கினாரல்லர் என்கின்றாள். சாலமோனின் ஞானம் என்னும் நூலோ உருவற்ற பொருளினின்று உலகம் ஆக்கப்பட்டது என்கின்றது. கி. பி. 150 அளவில் வாழ்ந்த யுஸ்தீன் என்னும் கிறித்துவப் பெரியாரும் பிளேட்டோவை ஒட்டி அவ்வாறே எழுதினார். அந்தியோக்கியாவின் தெயோபிலு, லியோன் நகரத்து இரேனேயு என்போர் காலத்திலேதான் இன்மையினின்று படைப்பு என்னும் கொள்கை உறுதிப்பட்டது. அதனை உறுதிப்படுத்த அவர்களைத் தூண்டியவை எதிர்க்கொள்கைகளே. 144 இல் உரோமைத் திருச்சபையால் விலக்கப்பட்ட மார்சியோன், இத்துணைத் துன்பம் நிறைந்த உலகை ஆக்கியவன் இயேசு காட்டிய அன்புக் கடவுளாதல் இயலாது, அவன் தாழ்ந்த வேறொரு தெய்வம் என்றனர். ஞானவாதிகள் எனப்பட்ட குழுவினர் பலரும் பிளேட்டோவின் நல்ல கம்மியனை அறிவற்ற கம்மியனாக மாற்றினர்.

இவ்வரிசையிற் சைவர் கருத்தூன்றி நோக்கத்தக்கவர் ஹெர்மோகெனெஸ் என்பார். கி. பி. 200 அளவில் வாழ்ந்த இவர் ஓர் ஓவியர். இறைவன் தம்மினின்றே உலகைப் படைத்தாராயின் அவர் கூறுபடுவர். இன்மையினின்று படைத்தாராயின் நல்லவராகிய அவர் நல்லனவற்றையே படைத்திருப்பர். உலகிலோ தீமை உளது. ஆதலின் இறைவனோடு அநாதியாக ஒரு மூலப்பொருள் இருந்திருத்தல் வேண்டும், தீமை அதன் குறை என்று இவர் வாதித்தார். இவருடைய நூல்கள் கிடைத்தில. கார்த்தேஜ் நகரத்துத் தெர்த்துல்லியன் இவரை மறுத்தெழுதிய நூலிலிருந்தே இவர் கருத்து அறியப்படுகின்றது. ஓவியனாதலின் வண்ணமும் பலகையுமின்றிப் படைப்பை எண்ண இவரால் இயலவில்லை போலும். தெர்த்துல்லியனின் மறுப்பு வலிமை வாய்ந்தது. அநாதித் தன்மை கடவுளுக்கே உரியது. மூலப்பொருளும் அநாதியாயின் அது இரண்டாங் கடவுளாகும். அன்றியும், அதனை வேண்டி நிற்கும் இறைவன் அதற்குக் கடன்பட்டவராவர். 1215 இல் இலாத்தரன் நான்காம் பொதுச்சங்கம் இன்மையினின்று படைப்பை விசுவாசப் பொருளாக அறிக்கையிட்டது. அதன்பின்னரும், உலகுக்குத் தொடக்கம் உண்டென்பதை விசுவாசத்தாற் கொள்ளலாமேயன்றி அறிவினால் நிறுவ முடியாது என அக்குவினாத்துத் தோமையர் துணிந்து கூறினர்.

குர்ஆனில் இரு வழிகளும் உள. ஆகுக என்ற ஒரு சொல்லால் இறைவன் படைக்கின்றான் என்பது ஒன்று. மனிதனை மட்பாண்டம் போல் ஒலிக்கும் களிமண்ணினின்று படைத்தான் என்பது மற்றொன்று. பின்னெழுந்த வாதம் இவற்றைப் பற்றியதன்று, அரிஸ்டோட்டிலைப் பற்றியது. பக்தாதின் நிஸாமிய்யாக் கலாசாலையிற் போதித்த இமாம் கஸ்ஸாலி, 1095 இல், மெய்யியலாரின் இருபது கொள்கைகளை எடுத்து மறுத்து, அவற்றுள் மூன்று சமயத்துக்கே புறம்பானவை என்று தீர்த்தார். அம்மூன்றுள் ஒன்று உலகு அநாதி என்பது. பஞ்சு தீயிற் பட்டவிடத்து எரிவது தீயின் செயலன்று, இறைவன் அக்கணத்திற் படைப்பது என்றும் அவர் கூறினார். இங்கே படைப்பு ஒருகாலத்து நிகழ்ந்து முடிந்த செயலாக இல்லாமற் கணந்தோறும் நிகழ்வதாகின்றது. உலகம் கணந்தோறும் தோன்றி மறைவது என்ற மட்டிற் பௌத்தருக்கும் இது உடன்பாடு. படைப்பவன் ஒருவன் வேண்டும் என்றவிடத்தே இருவரும் வேறாவர். கோர்தோவா நகரத்து இப்னு ருஷ்து (1126 - 1198) கஸ்ஸாலிக்கு விடை எழுதினார்.

இனிப் பாரத நாடு. இருக்கு வேதத்தின் பத்தாம் மண்டலத்தில் விசுவகர்மனைப் பாடும் சூக்தம், விண்ணும் மண்ணும் செதுக்கப்பட்ட மரம் எது, அவன் எதன்மேல் நின்று செதுக்கினான் என்று கேட்கின்றது. மண்டலத்தின் 129 ஆம் சூக்தம் அதனினும் முன்சென்று, இதனை மேலிருந்து நோக்குபவன் அறிவனோ, ஒருவேளை அவனும் அறியானோ என முடிகின்றது. வேறு நாட்டுத் திருமறைகளில் இத்தகைய ஐயம் வழிபாட்டுப் பாடலாகவே அமைந்தது அரிது.

உபநிடத காலத்தில் உவமை தலைகீழாயிற்று. சாந்தோக்கியத்தில் உத்தாலக ஆருணி தன் மகன் சுவேதகேதுவுக்கு மண்ணையும் மண்ணாலான கலங்களையும் காட்டி, மண்ணை அறிந்தால் மட்கலம் யாவும் அறியப்படும் என்கின்றான். அங்கே மண் உளது, குடம் உளது, குயவன் இல்லை. முண்டகம் சிலந்தியை உவமையாக்கிற்று. நூலும் நூற்பவனும் சிலந்தி ஒன்றே. பிரமமே முதற்காரணமும் நிமித்த காரணமும் ஆகும் என்ற வேதாந்தக் கொள்கை இங்கிருந்து வளர்ந்தது. இறைவன் நிமித்த காரணம் மட்டுமே என்ற மாகேசுவரரை மறுத்துச் சங்கரர் பிரமசூத்திர பாடியத்தில் எழுதினர். இச்சிலந்தி பின்னர் ஐரோப்பாவுக்கும் சென்றது. 1779 இல், ஆசிரியர் இறந்தபின் வெளிவந்த டேவிட் ஹியூமின் உரையாடல் நூலிலே, உலகைத் தொழிலாளியின் ஆக்கமாகக் கொள்ளலாமெனின் பிராமணர் கூறும் சிலந்தியின் நூலாக ஏன் கொள்ளலாகாது என வினவப்படுகின்றது.

பௌத்தரின் மறுப்பு இருவகைத்து. ஒன்று கதை, மற்றொன்று தருக்கம். திக நிகாயத்துப் பிரமசால சுத்தம், படைப்போன் என்ற எண்ணம் எவ்வாறு பிறந்தது என்று காட்டுகின்றது. ஒடுங்கிய உலகம் மீண்டும் விரியுங்கால், மேலுலகத்தினின்று புண்ணியம் முடிந்த உயிரொன்று வெறுமையான பிரம விமானத்தில் வந்து பிறக்கின்றது. நெடுங்காலத் தனிமையால் வருந்தித் துணை வேண்டும் என்று ஏங்குகின்றது. அவ்வேளையில் வேறு சில உயிர்களும் தத்தம் வினைப்படி அங்கே வந்து பிறக்கின்றன. முதலில் வந்தது, நான் விரும்பினேன், இவர் தோன்றினர், ஆதலின் யானே படைப்போன் என மயங்குகின்றது. பின் வந்தவரும், இவர் நமக்கு முன் இருந்தவர், ஆதலின் நம்மைப் படைத்தவர் என மயங்குகின்றனர். பகையின்றி, ஏறக்குறைய இரக்கத்துடன் கூறப்பட்ட மறுப்பு இது. கேவட்ட சுத்தமோ நகைச்சுவை பொருந்தியது. நாற்பூதங்களும் எஞ்சாமல் எங்கே ஒடுங்கும் என்று ஒரு பிக்கு மகாபிரமனை வினவ, அவன் யானே படைப்போன், யானே தலைவன் என்று மும்முறை பெருமை பேசிப் பின் பிக்குவைக் கைப்பற்றி அப்பால் அழைத்துச் சென்று, எனக்கும் தெரியாது, தேவர்கள் கேட்கக் கூறலாகாதென்றே அவ்வாறு கூறினேன் என்கின்றான்.

யாழ்ப்பாணத்துக் கோயில்களிற் கந்தபுராண படனம் கேட்டு வளர்ந்தோருக்கு இக்காட்சி புதிதன்று. கச்சியப்ப சிவாசாரியர் பாடிய அப்புராணத்திலே, குமரவேள் பிரணவத்தின் பொருளை வினவ, நான்முகன் அறியாது விழிக்கின்றான், குட்டுண்கின்றான், சிறைப்படுகின்றான், படைத்தற்றொழிலை முருகப்பெருமானே தாமேற்று நடத்துகின்றார். இரு சமயங்களும் பிரமனை விடையறியாதவனாக நிறுத்தின. நிறுத்திய நோக்கம் வேறு. பௌத்தர் படைப்போன் என்பவனே இலன் எனக் காட்ட அவனை நாணச்செய்தனர். சைவரோ படைப்போன் என்பது ஒரு பதவி, அதற்குமேல் முதல்வன் ஒருவன் உளன் எனக் காட்ட அவனைச் சிறையிட்டனர். நான்முகனுக்குத் தனிக்கோயில்கள் மிகச் சிலவாய்ப் போனமையும் இத்துடன் வைத்து நோக்கற்பாலது.

தருக்கத்துறையிற் குயவன் மீண்டும் வந்தான். பூமி முதலியன காரியங்கள். காரியமாவது செய்வோனை உடையது. குடம் போல என்பது நியாய நூலார் அனுமானம். அவர் கொள்கையில் அணுக்கள் அநாதி. ஆதலின் இறைவன் முழுமையும் குயவனே. ஏழாம் நூற்றாண்டினராகிய தருமகீர்த்தி என்ற பௌத்தாசிரியர் இதன் நரம்பிலே கைவைத்தார். குடத்தையும் குயவனையும் சேரக் கண்டமையால் வேறொரு குடத்தைக் கண்டவிடத்துக் குயவனை அனுமானித்தல் தகும். வடிவுடைமை என்ற சொல் ஒற்றுமை ஒன்றை மட்டும் பற்றி மலைக்கும் உடலுக்கும் செய்வோனை அனுமானித்தல் தகாது. தகுமெனின், மண்ணாலாய வடிவம் என்ற காரணத்தாற் புற்றையும் குயவன் வனைந்தான் எனல் வேண்டும் என்றார். ஹியூமுக்குப் பதினொரு நூற்றாண்டுகளுக்கு முன் எழுந்த வாதம் இது. சமணரும் இவ்வழி நின்றனர். ஒன்பதாம் நூற்றாண்டில் ஜினசேனர் தமது மகாபுராணத்தில், படைப்புக்கு முன் அவன் எங்கிருந்தான், உடலிலி உடலை ஆக்கியது எங்ஙனம் என்று வினாக்களை அடுக்கினர். வேதத்தைத் தலைமேற்கொண்ட மீமாஞ்சகராகிய குமாரிலரும் படைப்போனை ஏற்றிலர். கருணையினாற் படைத்தானெனின் படைப்புக்கு முன் இரங்கத்தக்கவர் ஒருவரும் இலரே என்பது அவர் வினா. ஆத்திகர், நாத்திகர் என்ற பிரிவு பாரதத்தில் கடவுளைப் பற்றியதன்று, வேதத்தைப் பற்றியது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா.

நியாயத்தின் சார்பில் மறுமொழி தந்தவருள் தலைசிறந்தவர் உதயணர். அவர் தமது இலக்கணாவளி நூலைச் சகம் 906 இல், அஃதாவது கி. பி. 984 இல் முடித்தனர். நியாயகுசுமாஞ்சலி அவரது மற்றொரு நூல். செய்வோனுக்கு உடல் இலக்கணமன்று. அறிவும் இச்சையும் முயற்சியுமே இலக்கணம் என்று அவர் விளக்கினர். பூரிக் கோயிற் கதவு அடைத்திருக்கக் கண்டு, பௌத்தர் வந்தால் நின் இருப்பு என் கையிலன்றோ என்று இறைவனையே அவர் கடிந்தார் என ஒரு கன்னபரம்பரைக் கதை உண்டு. கதை மெய்யோ பொய்யோ, அக்கால வாதத்தின் சூட்டை அது நன்கு உணர்த்துகின்றது. பதினோராம் நூற்றாண்டில் விக்கிரமசீலப் பள்ளியைச் சேர்ந்த இரத்தினகீர்த்தி நியாய நூலாரின் கடவுள் அனுமானத்தை மறுக்கவே தனிநூல் ஒன்று செய்தார்.

தமிழிலக்கியத்திற் படைப்போன் முதலிற் காட்சியளிப்பது தருக்கத்திலன்று, முறையீட்டில். ஒரு மனையிற் சாப்பறையும் மற்றொரு மனையில் மணமுழவும் ஒலிக்க, ஒருத்தி பூச்சூட, ஒருத்தி கண்ணீர் வார்க்க, இவ்வாறு அமைத்தவன் பண்பிலாதவன் என்று புறநானூற்று 194 ஆம் பாட்டிற் பக்குடுக்கை நன்கணியார் பழிக்கின்றார். இரந்தே உயிர்வாழ வேண்டுமெனின் உலகை ஆக்கியோன் தானும் அலைந்து கெடுக என்று இரவச்சத்தில் வள்ளுவர் சபிக்கின்றார். குயவனும் அந்நூலில் உளன். 228 ஆம் பாட்டில், கிள்ளிவளவன் இறந்தவிடத்து ஐயூர் முடவனார் தாழி வனையும் குயவனை விளித்து, இவன் புகழுக்கேற்ற தாழி வனைய நினைத்தால் நிலவுலகே திகிரியாகவும் பெருமலையே மண்ணாகவும் வேண்டுமே, உன்னால் இயலுமோ என்கின்றார். உலகளாவிய திகிரியும் மலையளாவிய மண்ணும் இங்கே படைப்புக்கு வரவில்லை, சாவுக்கு வந்தன. மணிமேகலையின் சமயக்கணக்கர் தந்திறம் கேட்ட காதையிற் பிரமவாதி உலகம் ஒரு தேவன் இட்ட முட்டை என்று ஒரே மூச்சிற் கூறி அமைகின்றான். பௌத்தராகிய சாத்தனார் அவனுக்கு அதற்குமேற் பேச இடந்தரவில்லை.

நன்கணியாரின் பழிக்கு விடை கூறும் கடமை பதின்மூன்றாம் நூற்றாண்டிற் சைவ சித்தாந்திகள்மேல் வந்தது. மெய்கண்டார் சிவஞானபோதத்தின் முதற் சூத்திரத்திலேயே, தோன்றி நின்று அழியும் உலகுக்கு முதல்வன் ஒருவன் உளன் என நிறுவினர். அவர் மாணாக்கர் அருணந்தி சிவாசாரியர் சித்தியாரில் அதனை விரித்தனர். மாயை மண்போல் முதற்காரணம். சத்தி தண்டசக்கரம் போல் துணைக்காரணம். சிவன் குலாலன் போல் நிமித்த காரணம். நியாய நூலாரின் குயவன் இங்கும் வந்தானெனினும், இங்கே அவன் வனைவது தனக்காகவும் அன்று, விளையாட்டுக்காகவும் அன்று. உயிர்கள் படைக்கப்பட்டவை அல்ல. இறைவனைப் போல் அநாதி. செம்பிற் களிம்பு போல ஆணவ மலமும் அவற்றை அநாதியே பற்றி நிற்பது. அம்மலம் பக்குவப்படும் பொருட்டு உடலும் கருவியும் உலகும் நுகர்ச்சியும் கூட்டித் தருதலே படைப்பு. குமாரிலர் கேட்ட கேள்விக்கு இதில் விடை உண்டு. இரங்கத்தக்கவர் படைப்புக்கு முன்னரே இருளிற் கிடந்தனர்.

ஹெர்மோகெனெஸை மீண்டும் நினைவுகூர்தற்கு இதுவே இடம். அவரும் இறைவனைப் பழியினின்று காத்தற்கே அநாதிப் பொருளைக் கொண்டார். ஆயினும் அவர் தீமையை மூலப்பொருளின்மேல் ஏற்றினார். சித்தாந்தி மாயைமேல் அப்பழியை ஏற்றவில்லை. மாயை விடியும்வரை ஏற்றிய விளக்கு, இருள் ஆணவமே. இந்நுட்பம் ஓவியர்க்குக் கிட்டவில்லை. தெர்த்துல்லியனின் தடையோ சித்தாந்தியையும் சாரும். மூன்று அநாதிப் பொருள்கள் இருப்பின் பதிக்கு முதன்மை யாது? காலத்தான் ஒப்புமை தகுதியான் ஒப்புமை ஆகாது, பதி உடையானும் ஏனைய உடைமையும் ஆகலின் என்பர் சைவர். கிறித்தவர் இவ்விடையால் அமைதி பெற்றிலர். அவ்வாறே, ஒன்றுமில்லாமையினின்று நல்லவர் ஒருவர் படைத்த உலகில் பிறவிக்குருடன் ஏன் என்ற சைவரின் வினா கிறித்தவரை விட்டகன்றதுமில்லை. ஒருவர் இறைவனின் ஆற்றலைக் குறைக்க அஞ்சினார். மற்றவர் அவன் அருளைக் குறைக்க அஞ்சினார்.

இலங்கையில் இவ்வாதம் ஏட்டினின்று மேடைக்கு வந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டில். 1873 ஆகஸ்டு 26 ஆம், 28 ஆம் நாட்களிற் பாணந்துறையில், மிகெட்டுவத்தே குணானந்த தேரருக்கும் வெஸ்லியன் சபைப் போதகர் டேவிட் டி சில்வா முதலியோருக்கும் ஆயிரக்கணக்கானோர் முன்னிலையில் வாதம் நிகழ்ந்தது. போதகர் ஆன்மா இல்லையெனும் பௌத்தக் கொள்கையைத் தாக்கினர். தேரர் ஆதியாகமத்தின் ஆறாம் அதிகாரத்தை எடுத்து, மனிதனைப் படைத்ததற்காகக் கர்த்தர் மனம் வருந்தினார் என்றிருத்தலைக் காட்டி, வருவதறியாது செய்து பின் வருந்துபவர் முற்றறிவுடையவராதல் எங்ஙனம் என்று வினவினர். ஆங்கிலத்தில் அச்சேறிய அவ்வாதத்தின் அறிக்கையைப் படித்தவருள் ஒருவரான ஒல்கொட் 1880 இல் இலங்கைக்கு வந்தார். எரேமியா கண்ட குயவன் கெட்ட கலத்தை மீண்டும் பிசைந்தான். பாணந்துறையில் அக்குயவனே குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப்பட்டான்.

யாழ்ப்பாணத்து வாதம் வேறு வழிச் சென்றது. ஆறுமுக நாவலர் (1822 - 1879) பேர்சிவல் பாதிரியாருடன் விவிலிய மொழிபெயர்ப்பிற் பணியாற்றி 1848 இல் விலகியவர். 1854 இல் அவர் வெளியிட்ட சைவதூஷண பரிகாரம், விவிலியத்தை நன்கு கற்ற ஒருவர் எழுதிய நூல். படைப்போன் ஒருவன் உளன் என்பதில் அவருக்கும் பாதிரிமாருக்கும் வழக்கில்லை. ஆதலின் வாதம் பூசை, விக்கிரகம், விரதம் ஆகியவற்றைச் சுற்றியே பெரிதும் நடந்தது. இவை போல்வன விவிலியத்திலும் உள என்று காட்டுதலே நாவலர் நெறி. மண் பற்றிய பழைய வினாவோ ஒரு சொல்லுக்குள் ஒளிந்துகொண்டது. இன்மையினின்று படைத்தல் என்ற பொருளுக்கு விவிலியத்தைத் தமிழாக்கியோர் தேர்ந்த சொல் ‘சிருஷ்டி’. வடமொழியில் அச்சொல்லின் வேர் உள்ளிருப்பதை வெளிவிடுதல் என்ற பொருளது. முண்டகத்துச் சிலந்தி நூலை வெளிவிடுவதைக் குறிக்கும் வினையும் அதுவே. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் அச்சொல்லைக் கேட்டவரும், வெள்ளிக்கிழமை புராண மண்டபத்தில் அதனையே கேட்டவரும், ஒரே ஊரில் இரு வேறு உலகத் தோற்றங்களை எண்ணிக்கொண்டு வீடு திரும்பினர்.